மணிமாலையும் மணிக்கட்டும்

1865ஆம் ஆண்டு காட்மாண்டுவிலிருந்து திபெத்தை நோக்கிப் புறப்பட்ட யாத்திரிகர் ஒருவரின் கையில் ஒரு செபமாலை இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஏனைய மாலைகளைப் போன்றதே. யாரேனும் மணிகளை எண்ணிப் பார்த்திருந்தால் மட்டுமே ஐயம் எழுந்திருக்கும். 108 மணிகள் இருக்க வேண்டிய மாலையில் 100 மணிகளே கோக்கப்பட்டிருந்தன. அந்த யாத்திரிகர் நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடிகள். ஏறத்தாழ 2,000 அடிகள் ஒரு மைல் ஆகுமாறு அவர் நடை பழக்கப்பட்டிருந்தது. ஏற்றமாயினும் இறக்கமாயினும் அடியின் நீளம் மாறாது. கையிலிருந்த பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள் இருந்தன.

அவர் பெயர் நயின் சிங் ராவத். குமாவுன் மலைநாட்டின் மிலம் என்னும் ஊரினர், பள்ளி ஆசிரியர். இந்திய நில அளவைத் துறையின் கேப்டன் மாண்ட்கோமரி, வெள்ளையர் நுழைய இயலாத நிலங்களை அளக்கத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்த 'பண்டிட்'களுள் முதன்மையானவர். லாசா வரை சென்று மீண்ட அந்தப் பயணத்தில் அவர் எண்ணிக்கொண்டே நடந்த தொலைவு ஏறத்தாழ 1,200 மைல்கள் என்பர். மைலுக்கு 2,000 என்று பெருக்கினால் 24 இலட்சம் அடிகள்!

சரியாக நூறாண்டுகள் கழிந்தன. 1965ஆம் ஆண்டு ஜப்பானில் யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மன்போ-கேய்'. பத்தாயிரம் அடி அளவி என்பது பொருள். மாலையின் ஒரு சுற்றும் கருவியின் இலக்கும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான். ஆனால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் வேறொன்று நிகழ்ந்துவிட்டது. நயின் சிங் எண்ணிய அடிகள் பாதைக்குச் சொந்தமானவை. மன்போ-கேய் எண்ணிய அடிகளோ நடப்பவரின் உடலுக்குச் சொந்தமானவை. இன்று புதுவை உப்பளத்தில் பதினான்கு வயதுப் பிள்ளையொன்றின் மணிக்கட்டில் 'ஃபிட்னஸ் பேண்ட்' என்று கட்டிவிடப்படும் பட்டை இந்த இரண்டாம் மரபில் வந்தது. எடை குறைய வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் அடிகளை எண்ணத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

அடியால் வழியை அளப்பது உலகெங்கும் இருந்த பழக்கம். ரோமானியரின் மைல் என்பதே ஆயிரம் இரட்டை அடிகள். நம் முன்னோரோ வழியைக் காலத்தால் அளந்தனர். ஒரு நாழிகையில் நடக்கக்கூடிய தொலைவு 'நாழிகை வழி'. அவ்வாறு ஏழு சேர்ந்தால் ஒரு காதம். ஏறத்தாழ பத்து மைல் என்று அகராதிகள் சொல்லும். வேகமாக நடப்பவனின் காதமும் தளர்ந்து நடப்பவனின் காதமும் ஒன்றாகுமா என்று கேட்டால், ஆகாதுதான். ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சராசரி மனிதன் ஒருவனை மனத்தில் வைத்தே வழி அளக்கப்பட்டது.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைக் கல்வெட்டு ஆர்வலர்கள் அறிவர். நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கும் கல் அது. எழுத்தறியாத வழிப்போக்கனுக்கும் விளங்க வேண்டுமே! எழுத்தோடு பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் அதில் குடையப்பட்டுள்ளன. இருளில் வந்தவன் விரலால் தடவியும் கணக்கறிந்துகொள்ளலாம். இன்னும் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதைச் சொல்ல நின்ற கல் அது. நடப்பவன் இதுவரை எவ்வளவு நடந்தான், இன்றைக்குப் போதிய அளவு நடந்தானா என்றெல்லாம் எந்தப் பெருவழிக் கல்லும் கேட்டதில்லை.

1802ஆம் ஆண்டு லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே தம் அடிக்கோட்டை அளந்தபோது கால்களுக்குப் பதிலாக நூறடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்தார். ஏழரை மைல் தொலைவை அளக்க ஆறு வாரங்கள் ஆயின. அங்குத் தொடங்கிய பெருங்கணக்குத்தான் வடக்கே இமயம் வரை சென்று, சங்கிலி செல்ல முடியாத இடத்தில் மீண்டும் மனிதக் காலையும் மாலை மணியையும் நாடியது. துல்லியக் கருவிகள் தோற்ற இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் கால் வென்றது என்பதை எண்ணும்போது நமக்குச் சிறிது மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இனிப் புதுவைக்கு வருவோம்.

உப்பளம் என்னும் பெயரே உழைப்பின் பெயர். பாத்தி கட்டி, கடல்நீர் பாய்ச்சி, வெயிலில் நின்று வாரிக் குவித்தவர்களின் கால்கள் பதிந்த நிலத்துக்குத்தான் அப்பெயர் வரும். உப்பின் மீது ஏகபோகம் கொண்டிருந்த ஆங்கிலேயக் கும்பினி, பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவதைத் தன் வருவாய்க்கு இடையூறாகக் கருதியது. 1818இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பிரெஞ்சிந்தியாவில் உப்பு விளைவிப்பதை நிறுத்துவதற்காக ஆண்டுதோறும் 4,000 நட்சத்திர வராகன்களைக் கும்பினி தருவதாக ஒப்புக்கொண்டது. வராகன் அரசுக்குப் போயிற்று. பாத்தியில் நின்றவர்கள் வேறு வேலை தேடிப் போயிருக்க வேண்டும்.

அன்றைய புதுவையில் நடத்தல் என்பது எவரும் விரும்பிச் செய்த காரியமன்று. நடவாதிருத்தலே மதிப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை அடைந்த பெருமைகளுள் ஒன்றாக, ஆளுநர் மாளிகை வளாகத்துக்குள் பல்லக்கிலேயே செல்லும் உரிமையைச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பூஸ்-பூஸ்' என்னும் தள்ளுவண்டி வந்தது. பழைய அஞ்சலட்டைகளில் அதன் படத்தைக் காணலாம். தொப்பியணிந்த கனவான் முன்னே அமர்ந்து கைப்பிடியால் திசையைத் திருப்புவார். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்கள். திசை ஒருவருடையது, அடி இன்னொருவருடையது. அந்தத் தள்ளுபவர்களின் ஒரு நாள் அடிக்கணக்கை இன்றைய பட்டை எண்ணியிருந்தால் எத்தனை பத்தாயிரங்களைக் காட்டியிருக்குமோ! அவர்களுள் எவருக்கும் எடை குறைக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

இன்று மாலையானால் புதுவைக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை வரை அது நடப்பவர்களுக்கே உரியது. முன்பு பல்லக்கும் பூஸ்-பூஸும் ஊர்ந்த நகரில், வசதி படைத்தோர் இப்போது மணிக்கட்டைப் பார்த்தபடி விரைந்து நடக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மதிப்பு தலைகீழாயிற்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) காரணத்தைச் சொல்கிறது. புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 46 பேரும், ஆண்களில் ஏறத்தாழ 43 பேரும் கூடுதல் எடையினர். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் இவை அடங்கும். வீட்டுப் பெரியவர்கள் இவ்வாறிருக்க, பிள்ளையின் கையில் மட்டும் பட்டையைக் கட்டுவது எவ்வளவு நியாயம் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

பத்தாயிரம் என்ற எண்ணுக்கு வருவோம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் முடிந்திருந்த நேரம். ஜப்பானில் உடற்பயிற்சி பற்றிய பேச்சு எங்கும் நிலவியது. அந்தச் சூட்டில் பிறந்த கருவிக்கு நினைவில் நிற்கும் ஒரு முழு எண் வேண்டியிருந்தது. பத்தாயிரத்தைக் குறிக்கும் அவர்கள் எழுத்து, கால் வீசி நடக்கும் மனிதனைப் போன்ற தோற்றமுடையது என்றும் சொல்வார்கள். எப்படியாயினும், எந்த மருத்துவ ஆய்வும் முதலில் நடந்து, அதன் முடிவாக இந்த எண் வந்துவிடவில்லை. விற்பனைப் பெயராக வந்து, பின்னர் மருத்துவ அறிவுரையாகப் பதவி உயர்வு பெற்ற எண் இது. 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் அடிகளை எண்ணி ஆராய்ந்தனர். நாளுக்கு 4,400 அடிகள் நடந்தோரிடையே கூட இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அளவில் அந்தப் பயன் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. மூதாட்டியரைப் பற்றிய ஆய்வைப் பதின்பருவத்தினருக்கு அப்படியே பொருத்தலாகாது. பதின்பருவத்தினருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது அடிக்கணக்கன்று. நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான இயக்கம் வேண்டும் என்பதே அதன் பரிந்துரை.

இந்தப் பட்டை எவ்வாறு எண்ணுகிறது? உள்ளே மயிரிழையளவான சிலிக்கன் துண்டு ஒன்று நுண்ணிய வில்களின் மீது தொங்குகிறது. கை அசையும்போது அது சற்றுப் பின்தங்கும். அந்த இடப்பெயர்ச்சி மின்னளவாக மாறுகிறது. முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசைகளிலும் இவ்வாறு பதிவாகும் அலைகளுள் எது நடையின் தாளத்தை ஒத்திருக்கிறதோ அதை அடியென்று கருவி முடிவு செய்கிறது. அஃதாவது கருவி காலைப் பார்ப்பதே இல்லை. கையின் வீச்சைக் கொண்டு காலை ஊகிக்கிறது. ஆகவே குடத்தை இடுப்பில் அணைத்து நடக்கும் பெண்ணின் அடிகள் குறையக்கூடும். சைக்கிளின் கைப்பிடியைப் பற்றியிருப்பவனின் உழைப்பு அடிக்கணக்கில் ஏறுவது அரிது. துணி துவைப்பதும் கை வீசிக் கதை பேசுவதும் சில வேளைகளில் நடையாகிவிடும். நயின் சிங்கின் மணி இவ்வளவு ஏமாளியன்று.

அடியைக் கூட மன்னிக்கலாம். கலோரிக் கணக்கை மன்னிப்பது கடினம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. செலவான ஆற்றலைக் காட்டியதிலோ மிகச் சிறந்த கருவியே 27 சதவீதமும் மிக மோசமானது 93 சதவீதமும் பிழைபட்டன. "முந்நூறு கலோரி எரித்துவிட்டேன், ஆகவே ஒரு சமோசா தின்னலாம்" என்று கணக்கிடும் பிள்ளை, பிழையான ரசீதைக் காட்டிக் கடையில் பொருள் வாங்குகிறது. இருபது நிமிட நடை தரும் இழப்பு, சர்க்கரை போட்ட ஒரு தேநீருக்கும் ஒரு சமோசாவுக்கும் ஈடாகாது. இதைப் பட்டை சொல்வதில்லை.

இதனினும் பழைய எண் ஒன்று உண்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடல் நிறை குறியீட்டைத்தான் சொல்கிறோம். 1830களில் பெல்ஜியத்தின் கெத்தலே, 'சராசரி மனிதன்' எப்படியிருப்பான் என்று தேடியபோது கண்ட விகிதம் இது. நோயாளி எவரையும் முன்னே நிறுத்திக்கொண்டு அவர் கணக்கிடவில்லை. ஆன்சல் கீஸ் 1972இல் இன்றைய பெயரைச் சூட்டினார். இந்த எண் நம் நாட்டவரிடம் எவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு 2004இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு படம் போதும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் குறியீடும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! மெலிந்து தோன்றும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதை ஒரே படத்தில் விளக்கிவிட்டார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள், பெரியவர்களின் 23, 27 என்னும் அளவுகளுக்கு நிகரான கோடுகளைப் பிள்ளைகளுக்கு வரைந்தது இதனை உணர்ந்தே. மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை இறங்கத் தேவையில்லை. எடை அப்படியே நிற்க, உயரம் ஏறினாலே போதுமானதாக இருக்கலாம். தராசை நாள்தோறும் பார்க்கும் பெற்றோர்க்கு இந்த வெற்றி கண்ணில் படுவதேயில்லை.

பட்டை உண்மையில் எடையைக் குறைக்கிறதா? 2007இல் தொடங்கப்பட்ட ஃபிட்பிட் 2009இல் தன் முதற்கருவியை விற்றது. 2015இல் 999 ரூபாய்க்கு ஷாவ்மியின் பட்டை இந்தியச் சந்தைக்கு வந்தபின் நடுத்தர வீடுகளுக்கும் இது எட்டியது. அடுத்த ஆண்டே, 2016இல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜாகிசிச் குழுவினர் முடிவொன்றை வெளியிட்டனர். 18 முதல் 35 வயது வரையிலான 471 பேர், இரண்டாண்டுகள். அனைவர்க்கும் உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் உண்டு. ஒரு சாராருக்கு மட்டும் ஆறு மாதங்களுக்குப் பின் பட்டையும் தரப்பட்டது. பட்டை இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ இழந்தனர். பட்டை அணிந்தவர்கள் 3.5 கிலோ. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு! அதே ஆண்டு சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வொன்றும், பட்டையினால் உடல்நலமோ எடையோ குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டதற்குச் சான்றில்லை என்றே முடிந்தது. பணம் பரிசாகக் கொடுத்தபோது அடிகள் கூடின. பரிசு நின்றபின் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை.

இவை பெரியவர்களைப் பற்றியவை. பதின்பருவத்தினரைப் பற்றி நாம் படித்தவற்றுள் நெஞ்சில் தங்கியது, இங்கிலாந்தில் கெர்னர், குட்யியர் என்னும் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு. 13, 14 வயது மாணவர்கள் எட்டு வாரம் பட்டை அணிந்தனர். தொடக்கத்தில் உற்சாகம். நண்பர்களுடன் போட்டி. பிறகு அந்த உற்சாகம் வடிந்தது. இலக்கை எட்டாத நாளில் குற்ற உணர்வும், தாமாக விரும்பி இயங்குவதில் தளர்ச்சியும் தென்பட்டன. எட்டு வாரத்துக்குப் பிறகு ஓடியாடும் ஆசை முன்பைவிடக் குறைந்திருந்தது என்பதே அதன் சாரம். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளையிடம் போய் "நீ இன்று எத்தனை அடி ஓடினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அது நின்றுவிடும்.

கருவி இல்லாமலேயே ஒரு நாடு முழுவதும் இதைச் செய்து பார்த்த வரலாறும் உண்டு. சிங்கப்பூர் 1992இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் பயிலும் பள்ளிகள் அவை. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டு, மற்றவர்கள் உண்டு களிக்கும் இடைவேளையிலும் வகுப்புக்கு முன்னும் பின்னும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டனர். திட்டத்தின் பெயரிலுள்ள மூன்று ஆங்கில முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும். பெயர் வைத்தவர்கள் கவனிக்காமல் வைத்தார்களோ, கவனித்தே வைத்தார்களோ, பிள்ளைகள் முதல் நாளே கவனித்துவிட்டார்கள். கூடுதல் எடையுள்ளோர் சதவீதம் குறைந்தது என்றே அரசுக் கணக்குகள் காட்டின. அந்த வகையில் திட்டம் வெற்றிதான். ஆனால், இடைவேளையில் திடலைச் சுற்றி ஓடியவர்கள் அடைந்த கேலியும் ஒதுக்கலும் எந்தக் கணக்கில் ஏறின? எதிர்ப்புகள் பெருகின, 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான உடல்நலத் திட்டம் ஒன்று அதன் இடத்துக்கு வந்தது. நம் பள்ளிகளில் உயரமும் எடையும் எடுத்துச் செயலியில் ஏற்றும் வழக்கம் பரவியிருக்கும் இந்நாளில், அந்தப் பதினைந்து ஆண்டுக் கதையை யாரேனும் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று அறிய விரும்புகிறோம். வகுப்பறையின் முன்னால் எடை வாசிக்கப்படுவது ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. சரியாக உண்ணாமல் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பழக்கம் அந்த வயதில்தான் பெரும்பாலும் வேர்விடுகிறது.

இதற்கு மாறான ஒரு கதை சென்னையில் நடந்தது. அங்கே மருத்துவர் மோகன் குழுவினர் தொற்றாநோய்களைப் பற்றி நீண்ட ஆய்வொன்றை மேற்கொண்டிருந்தனர். ஏசியாட் காலனியில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டங்களின் பயனாகக் குடியிருப்போர் தாமே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தனர். தொடக்கத்தில், வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். சில ஆண்டுகளுக்குப் பின் 58.7 சதவீதம். 2006இல் வெளியான அக்கட்டுரையை வாசித்தபோது, நாம் இதுவரை கண்ட எந்தப் பட்டை ஆய்விலும் இத்தகைய ஏற்றத்தைக் காணவில்லையே என்று வியந்தோம். எவருடைய கையிலும் எதையும் கட்டவில்லை. நடக்க ஓர் இடம் கொடுத்தார்கள், அவ்வளவே. (ஆய்வாளர்கள் இதனைப் பட்டையோடு ஒப்பிட்டுச் சோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஒப்பீடு நம்முடையது.)

பூங்காவுக்கும் வழியற்ற பெண்பிள்ளைகளுக்காக அதே ஆய்வு மரபினர் 'தாண்டவ்' என்றொரு பத்து நிமிட ஆட்டப் பயிற்சியையும் வகுத்துள்ளனர். பாட்டோடு கூடிய வேகமான ஆட்டம். சிறிய இடம் போதும். வெளியே ஓட அனுமதி இல்லாத வீடுகளையும் திடல் இல்லாத பள்ளிகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதே அதன் சிறப்பு.

பெண்பிள்ளைகள் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தார் 146 நாடுகளின் 11 முதல் 17 வயது மாணவர்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டனர். உலகில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. இந்தியாவில் ஏறத்தாழ 74. நாம் சற்றுத் தேவலை என்று மகிழுமுன் அவர்கள் கூறிய காரணத்தையும் கேட்க வேண்டும். ஆண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலை! தண்ணீர் சுமந்தும் பெருக்கியும் பாத்திரம் தேய்த்தும் சேர்ந்த இயக்கம் உலகப் பட்டியலில் நமக்கு நற்பெயர் வாங்கித் தந்திருக்கக்கூடும் என்கிறார்கள். உப்பளத்தின் தெருக்களில் ஆண்பிள்ளைகள் மட்டையோடு நிற்கும் மாலைப்பொழுதில் பெண்பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் இந்த எண்ணோடு சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

உப்பளத்துக்கு ஒரு பேறு உண்டு. நகரின் பெரிய விளையாட்டுத் திடல் அங்கேதான் இருக்கிறது. இந்திரா காந்தி விளையாட்டரங்கம் என்று பெயர். தேசிய விழா அணிவகுப்புகளும் அங்கு நடந்ததுண்டு. முறையான ஓடுபாதையின் ஒரு சுற்று 400 மீட்டர். ஒரு பதின்வயதுப் பிள்ளைக்குப் பத்தாயிரம் அடி என்பது உத்தேசமாக ஏழு கிலோமீட்டர். பதினேழு, பதினெட்டுச் சுற்று வரும். யாரும் அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் பந்தைத் துரத்தினால் மருத்துவர்கள் கேட்பது கிடைத்துவிடும். எந்த விளையாட்டுக் குழுவிலும் சேராத, பதக்கம் வாங்கும் நோக்கமில்லாத, சற்றே பருமனான ஒரு பிள்ளை உள்ளே வந்து கூச்சமின்றி ஓடக்கூடிய நேரம் ஒரு திடலில் எவ்வளவு? அந்தப் பிள்ளை பெண்ணாயிருந்தால் எவ்வளவு? பட்டையின் விலையைப் பேசுமுன் இதைப் பேச வேண்டும் என்பது நம் எண்ணம்.

அதற்காகப் பட்டையை எறிந்துவிடச் சொல்லவில்லை. பிள்ளை தானே விரும்பிக் கேட்டு, தானே இலக்கு வைத்து, சலித்தபோது கழற்றி வைக்கும் உரிமையோடு அணியுமானால் சில வாரங்களுக்கேனும் அது நல்ல துணை. இயல்பாக எவ்வளவு நடக்கிறோம் என்று முதல் வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டு, அதைவிட ஆயிரம், இரண்டாயிரம் கூட்டுவது பத்தாயிரத்தைத் துரத்துவதைவிட அறிவுடைமை. வீட்டார் அனைவரும் சேர்ந்து நடந்தால் இன்னும் நன்று. குழந்தைகளுக்கென 2018இல் ஃபிட்பிட் வெளியிட்ட கருவியில், பிள்ளை பார்க்கும் திரையில் கலோரியும் எடையும் காட்டப்படவில்லை. விற்றவர்களே மறைத்த எண்ணைப் பெற்றோர் தேடிப்பிடித்துக் காட்டாமல் இருக்கலாம்.

எண்ணிய அடிகள் எங்கே போகின்றன என்பது மிச்சமிருக்கிறது. நயின் சிங்கின் மாலைக் கணக்கு டேராடூன் சென்றது. அங்கிருந்து லண்டன் சென்று, 1868இல் அரச புவியியல் கழகத்தின் இதழில் அச்சாயிற்று. அதில் அவர் பெயர் இல்லை. 'பண்டிட்' என்று மட்டுமே இருந்தது. வேவு பார்த்தவரின் உயிருக்கு ஊறு நேராதிருக்க அவ்வாறு மறைத்தனர். 1877இல்தான் அக்கழகம் அவர் பெயர் சொல்லிப் பொற்பதக்கம் அளித்தது. பிள்ளையின் பட்டையோ பெயர், வயது, உயரம், எடை, உறங்கும் நேரம், நடக்கும் தெரு அனைத்தையும் பிள்ளையின் பெயராலேயே தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்பவல்லது. ஃபிட்பிட் 2021இல் கூகுளின் உடைமையாயிற்று. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்னும் செயலி தன் பயனர்களின் ஓட்டப் பாதைகளை உலகப் படமாக வெளியிட்டபோது, பாலைவனங்களிலிருந்த இராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் வரை அதில் ஒளிர்ந்தன; பண்டிட்கள் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த வகைச் செய்தியை வீரர்கள் காலையோட்டத்திலேயே கொடுத்துவிட்டிருந்தார்கள். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது; பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதையும் நிறுவனங்களுக்குத் தடை செய்கிறது. அந்த ஒப்புதலைக் கேட்கும் நீண்ட பக்கத்தைப் பெற்றோருள் எத்தனை பேர் இறுதிவரை படித்துவிட்டுச் சரி என்று அழுத்துகிறார்கள் என்பதை எந்தப் பட்டையும் எண்ணுவதில்லை.